இலை வாளில் எதை அளப்பது

இலை வடிவ அலகுள்ள குறுவாளையும் பெரிய சண்டைக் கத்தியையும் பெரும்பாலோர் கண்ணால்தான் வாங்குகிறார்கள். பிடியை ஒட்டி ஒடுங்கி, பிறகு விரிந்து, கடைசியில் சட்டென்று கூராகும் வடிவம் எப்படிப் படமெடுத்தாலும் அழகாக விழும். ஆனால் படத்தில் தெரிவது அகலம் மட்டும். கையில் எடுத்ததும் அது வாளா, வாள் வேடம் போட்ட இரும்புத் தகடா என்று காட்டிக்கொடுப்பது தடிமன். பிடியருகே எவ்வளவு, விரிந்த இடத்தில் எவ்வளவு, நுனிக்கு 5 செ.மீ. முன்னால் எவ்வளவு என்ற மூன்று எண்களையும் கேட்டு வாங்கிய பிறகுதான் மற்றதைப் பேச வேண்டும்.

முதலில் பெயர்கள். வேலின் அலகை 'இலை' என்று சொல்லும் வழக்கு சங்கப் பாடல்களிலேயே உண்டு. அதே வசதியை இங்கேயும் எடுத்துக்கொள்வோம். அலகின் நடுவில் ஓடும் மேடு நரம்பு. பிடிக்குள் புகும் இரும்பு காம்பு. பிடியை ஒட்டி ஒடுங்கிய இடம் இடுப்பு, விரிந்த இடம் வயிறு. வெட்டும் விளிம்பு எந்தக் கத்திக்கும் போல வாய்.

அலகை ஏன் இலை மாதிரி செய்கிறார்கள்? எடை முன்னால் போனால் வெட்டு பலமாக விழும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். அது பாதி பதில். மீதிப் பாதி வாயின் மெலிவில் இருக்கிறது. நடுவில் நரம்பு எடுத்த, வைர வடிவக் குறுக்குவெட்டுள்ள ஒரு அலகை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் அகலம் 30 மி.மீ., தடிமன் 6 மி.மீ. என்றால் இரண்டு சரிவுகளும் வாயில் சந்திக்கும் கோணம் ஏறத்தாழ 23 டிகிரி. அதே அலகின் வயிற்றில் அகலம் 50 மி.மீ., தடிமன் 5 மி.மீ. என்றால் கோணம் 11 டிகிரி சொச்சம், அதாவது பாதி. வெட்ட வேண்டிய இடத்தில் மெல்லிய ஆப்பு, வளையக் கூடாத இடத்தில் தடித்த ஆப்பு. ஒரே அலகில் இரண்டும் கிடைப்பது இந்த வடிவத்தின் சாமர்த்தியம். இதோடு, வயிற்றிலிருந்து நுனிக்கு வளைந்து போகும் பகுதி இலக்கின் மேல் சாய்வாக விழுவதால், நேர் அலகில் இழுத்து வெட்டினால் கிடைக்கும் பலன் இழுக்காமலே கொஞ்சம் கிடைக்கிறது. வயிற்றுக்கு மேல் அலகு மறுபடி ஒடுங்குவதால் குத்தும் முனையும் கெடுவதில்லை.

தடிமன் குறையாமல் வெறும் வெளிக்கோடு மட்டும் இலை மாதிரி வெட்டப்பட்ட தகட்டில் இந்தச் சாமர்த்தியம் எதுவும் வேலை செய்யாது. அதில் வயிறு என்பது நுனிப்பக்கம் கட்டித் தொங்கவிட்ட சுமை, அவ்வளவுதான்.

நீளத்தை முடிவு செய்ய வரலாற்றில் நல்ல அளவுகோல்கள் கிடைக்கின்றன. கிரேக்கர்களின் க்சிஃபோஸ் அலகு பெரும்பாலும் 45 முதல் 60 செ.மீ. வரை. ரோமானிய கிளாடியஸில் மைன்ஸ் வகை 50 செ.மீ. சுமாருக்கு இருக்கும், இடுப்பு ஒடுங்கி முனை நீண்டு போகும். அதற்குப் பின் வந்த பொம்பேய் வகையில் இடுப்பே கிடையாது, இரு வாயும் இணையாக ஓடும். கிளாடியஸ் என்று பெயர் போட்டு விற்பதெல்லாம் இலை வடிவம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதல் உலகப் போரில் ராயல் வெல்ஷ் ஃப்யூசிலியர்ஸ் என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவின் வீரர்கள் சிலருக்குக் கிடைத்த பதுங்குகுழி வாள் அசல் இலை வடிவம், அலகு ஏறத்தாழ 45 செ.மீ. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரி ஃபேர்பேர்ன் வடிவமைத்த ஸ்மாட்செட் என்ற சண்டைக் கத்தி இன்னும் குட்டை. அலகு 28 செ.மீ., மொத்த நீளம் 42 செ.மீ. அளவு. அதில் ஒரு வாய் முழு நீளத்துக்கும் கூர், எதிர் வாய் நுனிப்பக்கம் பாதி வரைதான் கூர். பிலிப்பைன்ஸின் தென்கோடித் தீவுகளில் வழங்கும் பரோங் ஒற்றை வாய் கொண்டது. முதுகு தடிமனாகவும் அலகு அகன்ற இலையாகவும் இருக்கும், பிடிக்கும் அலகுக்கும் நடுவே விரல்களைக் காக்கும் கைக்காப்பு இருக்காது.

இவற்றை வைத்துப் பார்த்தால் இந்தக் குடும்பம் இரண்டாகப் பிரியும்: 25 முதல் 35 செ.மீ. அலகுள்ள கத்தி, 42 முதல் 55 செ.மீ. அலகுள்ள குறுவாள். நடுவில் 38 செ.மீ. என்று விற்பது பெரும்பாலும் கத்திக்குக் கனம் கூடுதல், வாளுக்கு நீளம் போதாது. 60 செ.மீ.க்கு மேல் போனால் இலை வடிவமே பாரமாகத் திரும்பும். பிடியிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் உள்ள 100 கிராமைச் சுழற்றத் தேவைப்படும் திருகுவிசையைப் போல நான்கு மடங்கு, அதே 100 கிராம் 40 செ.மீ. தூரத்தில் இருந்தால் தேவைப்படும். மணிக்கட்டுக்கு இந்தக் கணக்கு முதல் பத்து வீச்சிலேயே புரிந்துவிடும்.

எடையை விற்பவர் சொல்லாவிட்டாலும் நாமே கணக்கிடலாம். அலகின் நீளம், சராசரி அகலம், சராசரி தடிமன் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, எஃகின் அடர்த்தியான 7.85ஆல் பெருக்குங்கள். வந்ததைக் குறுக்குவெட்டுக்கு ஏற்பக் குறைக்க வேண்டும். வைர வடிவம் என்றால் பாதி, இருபுறமும் குவிந்த வடிவம் என்றால் மூன்றில் இரண்டு, விளிம்பை மட்டும் சீவிய தட்டைத் தகடு என்றால் சுமார் 80 சதவீதம். 45 செ.மீ. நீளம், சராசரி 4.2 செ.மீ. அகலம் உள்ள வைர வடிவ அலகு, அடியில் 6 மி.மீ. தடிமனில் தொடங்கி நுனியருகே 3 மி.மீ. வரை மெலிந்தால் எடை 330 கிராம் வரும். அதே வெளிக்கோட்டில் 5 மி.மீ. தகட்டை வெட்டி விளிம்பை மட்டும் சீவினால் 590 கிராம். பிடி, கைக்காப்பு, பிடியின் கடைசியில் உள்ள குமிழ் எல்லாம் சேர்த்து 200 முதல் 300 கிராம். ஒன்று கையோடு வரும், இன்னொன்று கையை இழுத்துக்கொண்டு போகும். இரண்டுக்கும் படம் ஒன்றுதான். விளம்பரத்தில் போடும் எடை உறையோடு சேர்த்ததா என்று கேட்டுவிடுங்கள். தோல் போர்த்திய மரஉறையே 300 கிராம் இழுக்கும்.

விரல் மேல் வைத்தால் சாயாமல் நிற்கும் சமநிலைப் புள்ளி கைக்காப்பிலிருந்து கத்திக்கு 3 முதல் 6 செ.மீ., குறுவாளுக்கு 8 முதல் 12 செ.மீ. என்றிருந்தால் நல்லது. அதற்கு மேல் முன்னால் போனால் குமிழின் எடையைக் கூட்டிச் சரிசெய்கிறேன் என்பார்கள். கூட்டினால் விரல் மேல் வைத்துப் பார்க்கும்போது சமநிலை சரியாகத் தெரியும், ஆனால் மொத்தப் பாரம் கூடியிருக்கும், நுனியின் மந்தமும் போகாது. மருந்து அலகில்தான் இருக்கிறது, குமிழில் இல்லை.

அடுத்து காம்பு. வாள் உடைவது பெரும்பாலும் வெளியே தெரியும் இடத்தில் நடப்பதில்லை. அலகு காம்பாக ஒடுங்கும் தோளில்தான் உடையும். தோளின் உள்மூலை சதுரமாக வெட்டப்பட்டிருந்தால் அதிர்வெல்லாம் அந்த மூலையில் குவிந்து விரிசல் அங்கேதான் விழும். மூலை வளைவாக, குறைந்தது 2 மி.மீ. ஆரத்தில் உருட்டப்பட்டிருக்க வேண்டும். காம்பின் அகலம் தோளருகே 15 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இதைவிட மோசம், ஒரு சாண் அலகுக்குப் பின்னால் மெல்லிய மரைக்கம்பியை வெல்டு செய்து பிடிக்குள் விடுவது. வெல்டின் ஓரத்தில் எஃகின் பதம் கெட்டிருக்கும், ஒருநாள் வீச்சில் அலகு தனியாகப் பறக்கும். பிடியைக் கழற்றாமல் இதை உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் துப்புக் கிடைக்கும். பிடியைத் தளர்வாகப் பிடித்து, அலகின் தட்டைப் பக்கத்தை உள்ளங்கையால் தட்டுங்கள். திடமான காம்பென்றால் ஒரே அதிர்வாக வந்து அடங்கும். கரகரவென்று இரண்டாவது ஒலி கேட்டால் உள்ளே ஏதோ ஆடுகிறது. குமிழின் முனையில் காம்பின் தலையை அடித்து மழுக்கியிருக்கிறார்களா, நட்டு போட்டு முடுக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். நட்டு தவறில்லை. கழற்றிப் பார்க்கலாம் என்பதால் எனக்கு அதுவே பிடிக்கும். ஆனால் மரை காம்பிலேயே வெட்டப்பட்டிருக்க வேண்டும். பெரிய கத்திக்கு இந்தத் தலைவலியே வேண்டாம்: பிடியின் முழு அகலத்துக்கும் காம்பு தெரிய, இரண்டு பக்கமும் பலகை வைத்து 5 அல்லது 6 மி.மீ. ரிவெட் மூன்று அடித்திருந்தால் போதும்.

பிடியின் நீளத்துக்கு உங்கள் உள்ளங்கையின் அகலத்தை விரல் முட்டிகளின் வரிசையில் அளந்து 1 முதல் 1.5 செ.மீ. கூட்டுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 9.5 முதல் 11 செ.மீ. வரும். குறுக்குவெட்டு முட்டை வடிவமாக இருக்கட்டும். உருண்டைப் பிடியில் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கைக்குத் தெரியாது, வெட்டு பக்கவாட்டில் சறுக்கும். கிளாடியஸ் நகல்களில் பிடியில் நான்கு விரல்களுக்கும் பள்ளம் வெட்டியிருப்பார்கள். அசலிலும் அப்படித்தான். ஆனால் பள்ளம் உங்கள் விரலுக்கு வெட்டியதில்லை. ஒரு மேடு விரலின் நடுவில் ஏறினால் அந்தப் பிடியோடு நட்பாக முடியாது. வாங்கும் முன் அந்த மேடுகளின் இடைவெளியைக் கேளுங்கள்.

எஃகைப் பற்றி இணையத்தில் நடக்கும் சண்டையில் பாதி தேவையில்லாதது. 1075, 1084, 5160, 80சிஆர்வி2 எதுவானாலும் சரி, பதம் சரியாக இருந்தால். 5160 கார்களின் பட்டைவில்லுக்குப் போடும் எஃகு. கார்பன் 0.6 சதவீதம்தான், அடியைத் தாங்கும். 1084 சூடாக்கிச் சட்டென்று குளிரவைக்கும் தோய்ச்சலுக்கு எளிது, சிறு பட்டறைக்காரர்களும் தவறாமல் பதம் போடலாம். எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவில் குறுவாளுக்கு 50 முதல் 54, கத்திக்கு 54 முதல் 57. 58, 59 என்று பெருமையாகப் போட்டிருந்தால் அது சின்னக் கத்திக்குத்தான் பெருமை, 50 செ.மீ. அலகில் வாய் சில்லு சில்லாகத் தெறிக்கும். 420, 440 துருப்பிடிக்காத எஃகில் செய்த நீள அலகு சுவரில் மாட்டத்தான். டமாஸ்கஸ் என்று கோலம் போட்டு மலிவாக விற்பது இரண்டு எஃகை அடுக்கி வெல்டாக அடித்தது. அடுக்குகளுக்கு இடையே ஒட்டாத இடம் இருந்தால் அமிலத்தில் தோய்த்த கோலம் அதை மறைத்துவிடும். பயன்படுத்தப் போகும் வாளுக்கு ஒரே எஃகு போதும்.

இருபுறமும் வாயா, ஒரு புறமா? எதற்கு வாங்குகிறீர்கள் என்பதில் விடை இருக்கிறது. வரலாற்று நகல் வேண்டும், வெட்டுப் பயிற்சி வேண்டும் என்றால் இரு வாய். காட்டில் கிளை கழிக்க, விறகு பிளக்க என்றால் ஒற்றை வாய். முதுகில் கட்டை விரலை வைக்கலாம், கட்டையால் தட்டலாம். இரு வாய் கத்தியில் இரண்டுமே முடியாது, அதோடு இரு சரிவும் நடுவில் சந்திக்க வேண்டியிருப்பதால் அதே அகலத்தில் வாயின் கோணம் இரு மடங்காகத் தடிக்கும். பல நாடுகளில் இரு வாய் அலகு என்றாலே சட்டம் தனி, வெளியே எடுத்துப் போவதற்கும் இறக்குமதிக்கும் விதிகள் வேறு வேறு. ஆர்டர் போடும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். தற்காப்புக்கென்று இடுப்பில் கட்டிக்கொண்டு திரிய நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு உதவாது. ஜோடி சேர்ந்து பயிற்சி செய்யப் போகிறீர்கள் என்றால் கூர் வாள் பக்கமே போக வேண்டாம்: வாய் 2 மி.மீ.க்குக் குறையாத, முனை உருட்டிய மழுங்கல் வாளோ நைலான் வாளோ வாங்குங்கள், முகக்கவசமும் சேர்த்து.

இலை வடிவத்துக்கே உரிய இரண்டு தொல்லைகள் உண்டு, இரண்டையும் வாங்கும் முன்பே யாரும் சொல்வதில்லை.

ஒன்று உறை. 50 மி.மீ. வயிறு உள்ளே போக வேண்டுமென்றால் உறையின் வாசலும் 50 மி.மீ.க்கு மேல் இருந்தே ஆக வேண்டும். வயிறு உள்ளே போனதும் வாசலில் நிற்பது 30 மி.மீ. இடுப்பு. இரண்டு பக்கமும் 10 மி.மீ. காலி. நேர் அலகு உறையில் உரசி நிற்பது போல இது நிற்காது, நடக்க நடக்க லொடலொடவென்று ஆடும், தலைகீழாகப் பிடித்தால் விழும். அகலத்தில் பிடிக்க வழியில்லை, அதனால் தடிமனில் பிடிக்க வேண்டும். மரஉறையின் உட்பக்கத்தில் வாசலிலிருந்து முதல் 4 செ.மீ.க்குக் கம்பளித் துணியோ மெல்லிய தோலோ ஒட்டி, இடுப்பின் இரண்டு தட்டைப் பக்கங்களையும் அழுத்தச் செய்யலாம். இடுப்பு வயிற்றைவிடத் தடிமன் என்பதால் வயிறு தளர்வாக நுழையும், இடுப்பு வந்ததும் இறுகும். கத்திக்கு கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் தகட்டு உறை என்றால் அலகை விட்டுவிட்டுக் கைக்காப்பைக் கவ்வுமாறு வார்க்கச் சொல்லுங்கள். வெறும் தோல் உறையென்றால் பிடியைச் சுற்றி ஒரு வார்ப்பட்டையும், தையலுக்கு உட்பக்கம் 4 மி.மீ. தோல் பட்டையும் கட்டாயம். அந்த உள்பட்டை இல்லாவிட்டால் வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் வயிறு தையல் நூலை ஒரு இழை அறுக்கும். கடைசி இழை அறுபடும்போது உறையைப் பிடித்திருக்கும் கை அங்கே இருக்கும்.

இரண்டாவது சாணை. இடுப்புக்கும் வயிற்றுக்கும் இடையே வாய் உள்வாங்கி வளைகிறது. அகன்ற தட்டைக் கல்லை அங்கே வைத்தால் கல்லின் மூலை மட்டும்தான் தொடும், நாலு முறை தேய்த்தால் பல்லால் கடித்தது போல ஒரு குழி விழும். குழி விழுந்த பின் அதை எடுக்க மொத்த வாயையும் பின்தள்ளித் தேய்க்க வேண்டும். ஆகவே தட்டைக் கல் வயிற்றின் வெளிவளைவுக்கு மட்டும். உள்வளைவுக்கு 25 மி.மீ. விட்டமுள்ள உருளைக் கட்டையில் தண்ணீர்த் தாள் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) சுற்றிக்கொள்ளுங்கள்: முதலில் 400 எண், பிறகு 800, முடிக்க 1500. வாயில் மார்க்கர் மை தடவி இரண்டு முறை தேய்த்துப் பாருங்கள். மை வாயின் நுனியில் போகாமல் மேலே போயிருந்தால் கோணம் படுத்திருக்கிறது, நுனியில் மட்டும் போயிருந்தால் நிமிர்ந்திருக்கிறது. தீட்டும் கோணம் கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி, குறுவாளுக்கு 22 முதல் 25. தாளில் தேய்க்கும்போது வாய் பின்னால் வருமாறு இழுக்க வேண்டும், எதிர்த்துத் தள்ளினால் தாள் கிழியும். எதிர்ப்பக்கம் இடுப்பிலிருந்து வயிறு வரை எஃகின் மெல்லிய பிசிறு ஒரே சீராக எழும்பிய பிறகே பக்கம் மாற்றுங்கள். இரு வாய் அலகில் ஒரு வாயைத் தீட்டும்போது மற்ற வாய்க்குத் தடிமனான ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். கை வெட்டுப்படுவது பெரும்பாலும் தீட்டாத பக்கத்தில்தான்.

வாள் வந்து சேர்ந்ததும் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், திருப்பி அனுப்ப வேண்டியிருக்கலாம். கண்ணுக்கு நேரே பிடித்து நரம்பை நீளவாக்கில் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் நரம்பின் மேல் ஒரே கோடாக ஓட வேண்டும், வயிற்றருகே பாம்பு போல நெளிந்தால் இரண்டு சரிவும் சமமாகத் தேய்க்கப்படவில்லை. வெர்னியர் காலிப்பரால் அந்த மூன்று இடத்திலும் தடிமனை அளந்து சொன்ன எண்ணோடு ஒப்பிடுங்கள். வாய்க்குப் பின்னால், தீட்டிய சரிவு தொடங்கும் இடத்தில் தடிமன் கத்தியில் 0.5 முதல் 0.8 மி.மீ., குறுவாளில் 0.8 முதல் 1.2 மி.மீ. இருந்தால் சரி. 2 மி.மீ. இருந்தால் எவ்வளவு தீட்டினாலும் பிளக்குமே ஒழிய வெட்டாது. வயிறு 70 மி.மீ.க்கு மேல் அகன்று, இடுப்பு 25 மி.மீ.க்குக் கீழ் ஒடுங்கியிருந்தால் அது நாடகத்துக்குச் செய்தது, வளைவது இடுப்பில்தான் வளையும். முதுகில் ரம்பப் பல், அலகில் ஓட்டை எல்லாம் விரிசலுக்கு வைத்த வாசல்.

வெட்டிப் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில், ஊறவைத்த பாய்ச்சுருள், செய்தித்தாள் சுருள் போதும். காய்ந்த மூங்கிலும் எலும்பும் வேண்டாம். சுற்றிலும் 3 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. குறுவாளில் பெரிய ஆபத்து உங்கள் முழங்காலுக்கே. வலது தோளிலிருந்து இடப்பக்கம் சாய்த்து வெட்டும்போது இடது கால் முன்னால் இருந்தால், இலக்கைத் தவறவிட்ட அலகு நேராக அங்கேதான் இறங்கும். வலக்கை வெட்டுக்கு வலக்கால் முன்னால், இடக்கை மார்பில். பிடியின் முனையை முஷ்டியால் தட்டி, அலகில் எங்கே அதிர்வு அடங்குகிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் செய்த இலை வாளில் அந்த இடம் வயிற்றிலோ அதை ஒட்டியோ இருக்கும். அந்த இடம் பாட்டிலில் படுமாறு தள்ளி நில்லுங்கள்.

முடிந்ததும் துடைத்து, மினரல் எண்ணெய் மெல்லிசாகப் பூசி, உறைக்கு வெளியே வையுங்கள். தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிடப் போட்ட அமிலமும் அதில் மிச்சமிருக்கும். ஒரு மழைக்காலம் உள்ளேயே கிடந்தால் தோலை ஒட்டிக்கிடந்த தட்டைப் பக்கம் முழுக்கப் புள்ளி புள்ளியாக அரித்திருக்கும்.